கோடு, கோடு, வட்டம் மாதிரி

அலுவலகத்தில் அவரைக் கட்டளை என்றுதான் சொல்வார்கள். நேரில் கட்டளை சார். அவர் எழுந்து போனபிறகு வெறும் கட்டளை. அதட்டி வேலை வாங்குகிறவர் என்பதால் வந்த பெயர் இல்லை. அவர் நாற்காலியை யாராவது இழுத்துக்கொண்டு போனால்கூட, நின்றுகொண்டே "பரவால்ல, உக்காருங்க" என்கிற ஆள். அங்கே எல்லோரும் கணினியில் தட்டச்சு செய்கிற எடிட்டர் என்ற மென்பொருளுக்குப் புதுப்புதுக் கட்டளைகள் எழுதிச் சேர்ப்பது அவர் வேலை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். கீழே டயர் கடை, மேலே நீளமாக ஒரே அறை. படியேறி உள்ளே வந்தபிறகும் ரப்பர் வாசனை விடாது. தண்ணீர் பம்பு, துணி துவைக்கும் இயந்திரம், ஆஸ்பத்திரிக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் பெட்டி என்று இயந்திரங்களோடு வருகிற கையேடுகளை அங்கே மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள்.

எடிட்டர் பழையது. கறுப்புத் திரை, அதில் எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலையே கிடையாது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இன்னதைச் செய் என்று அதன் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து மறக்காமல் செய்யும். கையேடு முழுக்க 'திருகு' என்று இருப்பதையெல்லாம் 'திருகாணி' என்று மாற்ற வேண்டுமா, எச்சரிக்கை வாசகங்களை மட்டும் தனியே பொறுக்கி எடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர் ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தார்.

அவருக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்னாலேயே காய்ச்சலில் பார்வை போய்விட்டது. திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று அவர் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எடிட்டரோடு இணைத்ததும் அவரேதான். எடிட்டரில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை, குரலுக்கு எழுத்தைப் படிக்கத் தெரியும். ஆகவே அந்தத் திரையில் மற்றவர்களுக்கு என்னென்ன இருந்ததோ, அத்தனையும் அவருக்கும் இருந்தது. தெருவைக் கடக்க ஒரு கை வேண்டும், பஸ் வந்தால் எந்த பஸ் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யார் தயவும் வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன் கையேட்டை ஒரு தடவை முழுக்கச் சரிபார்க்கும் பொறுப்பும் அவருடையது. அலுவலகத்தில் அதற்குக் 'கடைசிப் பார்வை' என்று பெயர். "கடைசிப் பார்வையை என்கிட்ட கொடுத்திருக்காங்க பாருங்க, இந்த ஆபீஸுக்கு எவ்வளவு தைரியம்" என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பார்கள். அவர்கள் முழிப்பது தனக்குத் தெரியும் என்பார்.

பிறகு புது மேலாளர் வந்தார். வயதில் அவரைவிடச் சின்னவர், பேச்சில் மரியாதை குறையாத பெண். வேலைக்குச் சேர்ந்த இளசுகள் கறுப்புத் திரையைப் பார்த்ததும் "இதுல எங்க கிளிக் பண்றது?" என்று கேட்பதும், சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் வேறு வேலைக்குப் போவதுமாக இருந்த சமயம். மேலாளர் ஒருநாள் அவர் மேசைக்கே வந்தார்.

"சார், மூலக் கையேட்டோட பக்கம் அப்படியே படமா ஒரு பக்கம் தெரியணும். நாம எழுதறது இன்னொரு பக்கம். மேல வரிசையா பட்டன் இருக்கணும். பேப்பர்ல பேனாவால திருத்தற மாதிரி, படத்து மேலயே கோடு போட்டுத் திருத்தணும். இதெல்லாம் உங்க எடிட்டர்ல முடியுமா? இல்ல, வேற ஏதாவது வாங்கிடலாமா?"

வேறு வாங்கினால் அது பேசுமா, பேசாதா, யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷமாக எழுதிச் சேர்த்த கட்டளைகளெல்லாம் ஒரே நாளில் குப்பைக்குப் போகும். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முடியும் மேடம்" என்றார்.

எடிட்டருக்கு வரையத் தெரியாது. அதனால் வரையத் தெரிந்த ஒரு சின்ன நிரலைத் தனியாக எழுதி, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிட்டார். இங்கே ஒரு பொத்தான் வேண்டும் என்று எடிட்டர் சொல்லும், அது வரையும். யாராவது அந்தப் பொத்தானை அழுத்தினால், அழுத்திவிட்டார்கள் என்று அது எடிட்டரிடம் திரும்பச் சொல்லும். சொல்வதும் கேட்பதும் எழுத்திலேயே நடந்ததால் அந்த வரைக்கும் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வரைந்தது எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு மனைவி இருந்தாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, வாங்கிய துணிகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்தும் பிரித்தும் கொடுக்கிறவள். அவர் மடிக்கணினியை மெஷின் பக்கத்தில், வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு வைப்பார். அவள் ஒரு கால் மிதியில் இருக்க, தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பாள்.

"எல்லா பட்டனும் ஒரே மூலையில ஏறி நிக்குதுங்க. பஸ் படியில தொங்கற கூட்டம் மாதிரி."

"இப்ப?"

"இப்ப இறங்கி நடந்து வருது. ஆனா ஒண்ணு மட்டும் வெளிய போயிடுச்சு. பாதிதான் தெரியுது."

"நடுவுல இடம் எவ்வளவு விட்டிருக்கு?"

"ஒரு தையல் போடற அளவு."

"அதை கம்ப்யூட்டர் கிட்ட எப்படிச் சொல்றது?"

"அது உங்க பாடு. எனக்குத் தெரிஞ்ச அளவு அதான்."

நிறத்தையும் அவளிடமே விட்டார். முதலில் இருந்தது சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது என்றாள். என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "யூனிபார்ம் நீலம் வைங்க, அழுக்குத் தெரியாது" என்றாள். திரையில் ஏது அழுக்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த நீலத்துக்கான எண்ணைத் தேடிப்பிடித்து வைத்தார்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் பழைய கட்டளையை அப்படியே விட்டுவைத்திருந்தார். பார்க்கிறவர்கள் பொத்தானை அழுத்தட்டும், தான் விசையை அழுத்திக்கொள்ளலாம், இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். பேனாவைத்தான் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில், போகிற போக்கில் எழுதிச் சேர்த்தது அது. மவுஸைப் பிடித்து இழுத்தால் பக்கத்தின் படத்துமேல் சிவப்புக் கோடு விழும். அவ்வளவுதான் அது.

அலுவலகம் கொண்டாடியது. "சார், இதைச் செஞ்சது நீங்கதானா? நம்பவே முடியல" என்று இளசுகள் சொன்னார்கள். நம்ப முடியவில்லை என்பது எதை என்று அவருக்குப் புரிந்தது, பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மொழிபெயர்ப்பில் பிழை பார்க்கிறவரை எல்லோரும் மெய்ப்பு அக்கா என்பார்கள். கட்டளைக்கும் அக்காதான். முன்பெல்லாம் அந்த அம்மா தன் திருத்தங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவார்: மூன்றாவது பத்தியில் 'வால்வை மூடவும்' அல்ல, 'வால்வைத் திறக்கவும்'. குரல் அதைப் படிக்கும், அவர் திருத்துவார். பேனா வந்தபிறகு அக்கா தட்டச்சு செய்வதை விட்டுவிட்டார். அடித்தார், சுழித்தார், அம்பு போட்டார், ஓரத்தில் கையெழுத்தில் எழுதினார். மற்றவர்களும் அப்படியே. கையேடு கடைசிப் பார்வைக்கு வந்தபோது குரல் எதுவும் சொல்லவில்லை. திருத்தமே இல்லாத கையேடு போலிருக்கிறது என்று முதல் தடவை அவர் சந்தோஷப்பட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஒரு வழி செய்தார். பேனாக் கோடு என்பது புள்ளிகளின் வரிசை. புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பது அவருடைய நிரலுக்குத் தெரியும். எந்த வரிமேல் கோடு, எந்த ஓரத்தில் வளைவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு கட்டளை எழுதினார். குரல் சொல்ல ஆரம்பித்தது.

"ஐந்தாம் வரிமேல் கோடு. ஓரத்தில் கோடு. கோடு. வட்டம் மாதிரி. கோடு."

வரிமேல் கோடு என்றால் நீக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கோடாகவும் இருக்கலாம். ஓரத்தில் இருப்பது கையெழுத்து. அதில் 'கோடு, கோடு, வட்டம் மாதிரி' என்பது என்ன வார்த்தை? இரவல் கண் இல்லாமல் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கையெழுத்தைப் படிக்கும் நிரல்களையும் தேடி வாங்கிப் பார்த்தார். அக்காவின் கையெழுத்துக்கு முன்னால் அவையும் கைவிரித்தன.

அறைக்கு நடுவில் நின்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். "கோடு போடுங்க, வேணாங்கல. கூடவே ரெண்டு வார்த்தை டைப் பண்ணிடுங்க. எனக்கு அது போதும்."

"ஐயோ சார், எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார்கள். கொஞ்ச நாள் செய்தார்கள். அப்புறம் இரண்டு வார்த்தை ஒரு வார்த்தையாகி, ஒரு வார்த்தை 'பார்க்க' என்பதாகி, அதுவும் நின்றது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஞாபகப்படுத்தினால் வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள். தினமும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒருவர் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஒருநாள் காலையில் அவர் பேனாவை எடுத்துவிட்டார். அதற்கு ஒரே ஒரு வரியை நீக்கினால் போதும். விரல் நுனியில் இருந்தது அத்தனை அதிகாரமும்.

மதியத்துக்குள் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம். "சார், பேனாவைக் காணோம்." "சார், எனக்கும்." அவர் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் போனபிறகும் ஒருத்தர் மட்டும் நிற்பது தெரிந்தது. இருமலை வைத்து அக்கா என்று கண்டுகொண்டார்.

"தம்பி, நீங்களா எடுத்தீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாக்கா."

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கையைக் கொடுங்க" என்றார். அவர் கையைப் பிடித்துத் தன் விரல்கள்மேல் வைத்தார். கணுக்கள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை கணக்காகப் புடைத்திருந்தன. சுண்டுவிரல் பக்கவாட்டில் சாய்ந்து போயிருந்தது.

"ஒரு பக்கம் டைப் அடிச்சேன்னா சாயங்காலம் தட்டைத் தூக்க முடியாது. மருமக ஊட்டி விடட்டுமான்னு கேக்கறா. வேலையை விட்டுடலாம்னு எழுதிக் கொடுக்க இருந்தேன். அப்பதான் நீங்க இதைக் கொண்டு வந்தீங்க. மவுஸை மொத்தமா உள்ளங்கையில பிடிச்சு இழுத்தா வலிக்கல. உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் செஞ்சேன். என்ன பண்றது சொல்லுங்க."

அவருக்கு அந்த விரல்களை விடவும் தோன்றவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் சங்கடமாக இருந்தது. நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்தார்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் போட்ட கோடுகளைத் தானே படித்துச் சொன்னார். "இது அடிச்சிருக்கேன். இது 'மேலே' ன்னு எழுதியிருக்கேன், எனக்கே புரியல. இது ஈ. இல்ல, நிஜ ஈ, திரையில உக்காந்திருக்கு." இருவரும் சிரித்தார்கள். அக்கா கண், அவர் விரல். மற்றவர்கள் போட்ட கோடுகளையும் அக்காவே படித்தார். அந்தச் சில மாதங்களில் ஒரு கையேட்டில்கூடத் தப்பு வரவில்லை.

பிறகு அக்கா கைக்கு வைத்தியம் பார்க்க விடுப்பில் போனார். போகும்போது திருத்தி வைத்துவிட்டுப் போன கையேடு, ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் செய்யும் நீராவிப் பெட்டியுடையது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார். கட்டளை, அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். வந்தார்கள், பாதியில் அவரவர் வேலை கூப்பிட்டது, போனார்கள். மிச்சத்தைத் தானே காது வைத்துக் கேட்டார். ஒரு பக்கத்தில் குரல் சொன்னது: "எட்டாம் வரிமேல் கோடு. நீளமான கோடு. ஓரத்தில் கோடு, கோடு, வட்டம் மாதிரி."

எட்டாம் வரி, ஆவி முழுவதும் அடங்கும்முன் கதவைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. இதையா நீக்கச் சொல்கிறார்கள் என்று உறுத்தியது. அக்காவுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. முதல் பக்கத்தில் ஏற்கெனவே எச்சரிக்கைகள் இருக்கின்றன, இரண்டு தடவை வருகிறது என்பதால் அடித்திருப்பார் என்று நினைத்து, வரியை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

அக்கா போட்டது வரியைச் சுற்றி நசுங்கிய வட்டமும் ஒரு நீள அம்பும். அந்த எச்சரிக்கையைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி எழுதியிருந்தார்.

யாருக்கும் ஆபத்து வரவில்லை. பெட்டியில் வைத்துக் கட்டும் முன் வாடிக்கையாளரின் ஆள் ஒருவர் கவனித்துவிட்டார். அச்சடித்தது அத்தனையும் திரும்பி வந்து, படிக்கட்டுப் பக்கம் அடுக்கி வைக்கப்பட்டது. காலையில் மேலே ஏறும்போது அந்தக் கட்டுகள் அவர் முழங்காலில் இடித்தன.

மேலாளர் அவரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"தப்பு என்னோடதுதான் மேடம். உறுத்துச்சு. நிறுத்தி வச்சிருக்கணும்."

"இல்ல சார். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"இருக்கு மேடம். அதைத்தான் சொல்றேன்."

"உங்களால எப்படி சார் பாக்க முடியும்? நாங்கதான் யோசிச்சிருக்கணும். உங்க மேல இந்தச் சுமையை வச்சதே தப்பு." மேலாளர் அதை மனதாரத்தான் சொன்னார். "இனிமே கடைசிப் பார்வையை வேற யாராவது பாத்துக்கட்டும். நீங்க நிம்மதியா எடிட்டர் வேலையை மட்டும் பாருங்க. அதுல உங்களை மாதிரி யாரும் இல்ல."

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். பேனா வருவதற்கு முன் இத்தனை வருஷம் ஒரு பிழை விட்டேனா என்று கேட்டிருக்கலாம். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? பேனாவைச் செய்ததும் அவர்தான். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து, காதில் குரலை மாட்டிக்கொண்டு, எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா திரும்பி வந்து நடந்ததைக் கேட்டு அழுதார். "ஆஸ்பத்திரியில போனை உள்ள எடுத்துட்டுப் போக விடல தம்பி" என்றார். வைத்தியம் பெரிதாகப் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள், கெட்டிக்காரி, வேகமானவள்.

வீட்டில் மனைவி கேட்டாள், "பேசாம வேற இடம் பாக்கலாமில்ல?"

"எங்க போறது? இனிமே எங்க போனாலும் பேனாதான். இங்கயாவது செஞ்சவன்னு ஒரு மரியாதை இருக்கு."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. அந்தத் தையலை முடித்துவிட்டு, "சாப்பிடலாம் வாங்க" என்றாள்.

இப்போது அவருக்கு நாள் முழுக்கப் பொத்தானும் பேனாவும்தான். தடித்த பேனா வேண்டும் என்றார்கள், கொடுத்தார். மஞ்சள், பச்சை கேட்டார்கள், கொடுத்தார். தட்டச்சுக் குறிப்புக்கென்று கீழே ஒரு பட்டை விட்டிருந்தார். அது இடத்தை அடைக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை, படத்தைப் பெரிதாக்கலாம் என்றார்கள். அவரைத் தவிர யாரும் அதைத் திறப்பதில்லை என்பது உண்மை. அதையும் எடுத்தார்.

போன வாரம் புது மெய்ப்புப் பெண் ஒரு பக்கத்தை அவருக்கு அனுப்பினாள். "சார், பேனா தப்பா வரையுது, கொஞ்சம் பாருங்க" என்று தட்டச்சு செய்திருந்தாள். அவர் அந்தக் கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குரலில் வாங்கிக் கேட்டார். மேலே, கீழே, வலப்பக்கம், திரும்ப மேலே. எது சரியான கோடு, எது தப்பான கோடு? நேராக இழுக்கப் பார்த்து வளைந்ததா, வளைக்கப் பார்த்து நேரானதா? தன் நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் துருவினார். எங்கேயும் பிழை தட்டுப்படவில்லை. பிழை இல்லாமல் இருந்ததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. மதியச் சாப்பாட்டையும் விட்டார். கடைசியில் மேசைகளைக் கையால் தடவிக்கொண்டே அவளிடம் நடந்து போனார்.

"அம்மா, அந்தப் பேனா. என்ன தப்பா வருதுன்னு வாயால சொல்லும்மா, கேக்கறேன்."

"ஐயோ சார், அதுவா? மவுஸ் அடியில தூசி. தொடச்சேன், அப்பவே சரியாயிடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு."

"பரவால்லம்மா" என்றார்.

திரும்பி வரும் வழியில் யாரோ ஒரு நாற்காலியை மேசைகளுக்கு நடுவில் விட்டிருந்தார்கள். அதில் மோதி நின்றார். "சார், பாத்து" என்று ஒரு குரல் கேட்டது. அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து, மேசைக்கு உள்ளே தள்ளிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஊதா நிறத்தில் ஒரு பேனா வேண்டும் என்று செய்தி வந்திருந்தது.